முத்துமாலை எடுக்கும் முன் இதைப் பாருங்கள்

தை பிறக்கப் போகிறது. தர்மபுரி, பாலக்கோடு, அரூர் பக்கமெல்லாம் கல்யாண நகை எடுக்கும் நேரம். பெண்ணுக்கு ஒரு முத்துமாலையும் எடுக்க நினைக்கும் வீடுகளுக்காக இதை எழுதுகிறேன்.

தங்கத்துக்கு ஹால்மார்க் எண் இருக்கிறது. முத்துக்கு அப்படி ஒரு முத்திரை கட்டாயமில்லை. நம் கண்ணும் கையும்தான் துணை.

மாலையைக் கடை விளக்கில் மட்டும் பார்க்காதீர்கள். வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். நல்ல முத்தில் ஒளி கூர்மையாகத் தெறிக்கும். சுண்ணாம்பு மாதிரி வெளுத்துக் கிடந்தால் வேண்டாம். இரண்டு முத்துகளை லேசாக உரசுங்கள். நறநறத்தால் பெரும்பாலும் அசல். வழுக்கினால் கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ. துளை ஓரத்தில் பூச்சு உரிந்திருந்தால் போலி. எல்லாம் இம்மி பிசகாத உருண்டை, விலையும் மலிவு என்றால் யோசியுங்கள்.

"இயற்கை முத்து" என்று சொன்னால் ஆய்வகச் சான்று கேளுங்கள். தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு 1961-உடன் நின்றுபோனது. இன்று கடைக்கு வருவது பெரும்பாலும் வளர்ப்பு முத்து. நன்னீர் முத்து அதிகமும் சீனாவிலிருந்து. வளர்ப்பு முத்தும் அசல் முத்துதான், தயங்காமல் வாங்கலாம்.

தங்கத்தில் பதித்த முத்து என்றால், முத்தின் எடையைக் கழித்த நிகர தங்க எடையை பில்லில் எழுதச் சொல்லுங்கள். பாடுபட்டுச் சேர்த்த பணம். முத்துக்குத் தங்க விலை கொடுத்துவிடக் கூடாது.

சென்ட் அடித்த பிறகே அணியுங்கள். கழற்றியதும் மெல்லிய துணியால் வியர்வையைத் துடைத்து, தனிப் பையில் வையுங்கள்.