வாப்பாவின் கணக்குக் கொப்பியும் ஜெனிவாக் குளமும்

 

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள்.

ஒகஸ்ட் விடுமுறையில் ஐந்து நாட்கள் ஜெனிவாவில் நின்றுவிட்டு வந்தோம். வந்த நாளிலிருந்து பள்ளிவாசலடியிலும் பாடசாலையிலும் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "ஜெனிவாவில் என்ன கண்டீங்கள்?" கேட்கும்போதே ஒரு சிரிப்பு. எங்கள் மாவட்டத்தில் ஜெனிவா சுற்றுலாப் போகும் ஊர் அல்ல. மார்ச்சிலும் செப்டெம்பரிலும் செய்தியில் வரும் பெயர். சிலருக்கு நம்பிக்கை, சிலருக்குச் சலிப்பு. அங்கே மனிதர்கள் பாண் வாங்குகிறார்கள், பிள்ளைகள் குளிக்கிறார்கள் என்பதையே நாங்கள் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

நாங்கள் இருவரும் ஆசிரியர்கள். வவுனியா கல்வியியற் கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்கள். எங்கள் சம்பளத்துக்கு சுவிஸ் எட்டாத ஊர். அங்கே இருக்கும் லாத்தாவும் மச்சானும் டிக்கெட் போட்டு அழைத்ததால்தான் போனோம். மச்சான் ஒரு ஹொட்டேல் சமையலறையில் வேலை. சம்பளப் பட்டியல், அதிபரின் கடிதம், வெளிநாட்டு விடுமுறை அனுமதி, வங்கிக் கணக்கு என்று இரண்டு மாதம் கடதாசிகளோடு அலைந்து, கடைசியில் அல்ஹம்துலில்லாஹ், விசா கிடைத்தது.

புறப்படும் முதல்நாள் வாப்பா கூப்பிட்டார். பழைய பிஸ்கட் டின்னைத் திறந்து தன் கணக்குக் கொப்பியை எடுத்தார்.

அந்தக் கொப்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1990க்கு முன் தண்ணீரூற்றில் வாப்பாவுக்கு ஒரு சின்னக் கடை இருந்தது. மண்ணெண்ணெய், சீனி, பீடி, பாடசாலைக் கொப்பி. கடன் வாங்குபவர்களில் பாதிப்பேர் தமிழ்ச் சனம், பாதிப்பேர் எங்கள் சனம். அந்த ஒக்டோபரில் புலிகள் வடக்கின் முஸ்லிம்கள் எல்லோரையும் வெளியேறச் சொன்னார்கள். ஐந்து மாவட்டங்களிலிருந்தும் சுமார் 75,000 பேர் வெளியேறினார்கள். முல்லைத்தீவில் இருந்த நாங்கள் வவுனியா வழியாகப் புத்தளம் போனோம். எங்களில் ஒருவர் அப்போது உம்மாவின் இடுப்பில் இருந்த குழந்தை. மற்றவர் புத்தளம் முகாமின் ஓலைக் கொட்டிலில் பிறந்தவர்.

கையில் எடுக்கக்கூடியதை மட்டும் எடுத்துக்கொண்டு வெளிக்கிட்ட அந்த அவசரத்தில் வாப்பா கணக்குக் கொப்பியை எடுத்திருக்கிறார். "என்ட கலியாணச் சேலைய விட்டுட்டு இந்தக் கொப்பியத் தூக்கிக்கொண்டு வந்த மனிசன்" என்று உம்மா மௌத்தாகும் வரை சொல்லிக்கொண்டிருந்தார். முகாமில் வாப்பா இரவில் லாம்பு வெளிச்சத்தில் அதை விரித்து வைத்திருப்பார். கடனை எண்ணுகிறார் என்று சிறுவயதில் நினைத்தோம். பெயர்களை வாசிக்கிறார் என்பது பிறகுதான் விளங்கியது.

வாப்பா ஒரு பக்கத்தைக் காட்டினார். கடைக்கு முன்வீட்டுக்காரருடைய கணக்கு. 317 ரூபா. "அவர் இப்ப ஜெனிவாவிலதானாம். கண்டா, கணக்கு முடிஞ்சுது, நான் ஹலாலாக்கிட்டேன் எண்டு சொல்லுங்க."

ஜெனிவா ஏரிக்கு லெமான் என்று பெயர். பிறை வடிவம். பரப்பு 580 சதுர கிலோமீற்றர். ஒரு பக்கம் சுவிஸ், மறுபக்கம் பிரான்ஸ். ஆழமான இடத்தில் 310 மீற்றர். முத்தையன்கட்டையும் தண்ணிமுறிப்பையும் பார்த்து வளர்ந்த எங்களுக்கு அதுவும் குளம்தான். ஆனால் அணைக்கட்டு எங்கே, துருசு எங்கே, வயல் எங்கே என்று கண் தேடியது. ரோன் என்ற ஆறு நகரத்துக்கு நடுவால் வெளியே ஓடுகிறது. தண்ணீர் அவ்வளவு தெளிவு. கரையில் நின்று பார்த்தால் அடியில் கிடக்கும் கல்லை எண்ணலாம்.

ஏரியில் 140 மீற்றர் உயரத்துக்கு ஒரு நீரூற்று. செக்கனுக்கு 500 லீற்றர் தண்ணீர் மேலே போகிறது. அலங்காரத்துக்குக் கட்டியது என்றுதான் நினைத்தோம். உண்மையில் 1886இல் அங்கிருந்த தொழிற்சாலைகளுக்கு அழுத்தத்தில் தண்ணீர் கொடுத்த நிலையத்தின் பாதுகாப்பு வழி அது. மாலையில் தொழிற்சாலைகள் நின்றதும் குழாய்க்குள் அழுத்தம் கூடும்; அதை வெளியே விட ஒரு வழி வேண்டும். சனம் அதைப் பார்க்க விரும்பியதால் 1891இல் ஏரிக்குக் கொண்டுவந்து வைத்தார்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அமுக்கம் படிப்பிக்க நல்ல உதாரணம் என்று படம் எடுத்துக்கொண்டோம். உள்ளே அடைபட்டது எங்காவது வெளியே வரத்தான் வேண்டும் என்பது அன்று வெறும் பாடமாகத்தான் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு பெத்தி சகோனே பள்ளிவாசலுக்குப் போனோம். 1978இல் திறந்த பெரிய பள்ளி. அரபிகள், ஆபிரிக்கர்கள், பொஸ்னியர்கள், துருக்கியர்கள் என்று எல்லோரும் ஒரே ஸஃப்பில். தொழுகை முடிந்து ஐ.நா. சதுக்கத்துக்கு நடந்தோம்.

அங்கேதான் அந்த உடைந்த நாற்காலி நிற்கிறது. 12 மீற்றர் உயர மரக் கதிரை. ஒரு கால் பாதியில் சிதைந்திருக்கும். மிதிவெடியில் கால் இழந்தவர்களுக்காக டானியல் பெர்சே என்ற சிற்பி செய்து 1997இல் நிறுத்தியது. ஐரோப்பியப் பிள்ளைகள் அதன் கீழே நின்று படம் எடுத்தார்கள். எங்களுக்கு அது சிற்பமாகத் தெரியவில்லை. ஊர் திரும்பிய புதிதில் வளவு எல்லைகளில் மண்டையோட்டுப் படத்தோடு நின்ற சிவப்புப் பலகைகள் நினைவுக்கு வந்தன. மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசெம்பரில்தான் சேர்ந்தது. எங்கள் வகுப்புகளில் அப்பாவுக்குப் பொய்க்கால் உள்ள பிள்ளைகள் இருக்கிறார்கள்.

ஒகஸ்ட் என்பதால் சதுக்கத்தில் போராட்டம் எதுவும் இல்லை. மனித உரிமைப் பேரவைக்கும் விடுமுறை. வெறும் தரையிலிருந்து பீச்சும் தண்ணீரில் சின்னப் பிள்ளைகள் நனைந்து விளையாடினார்கள்.

சனிக்கிழமை பின்னேரம் மாமாவின் வீட்டுக்குப் போனோம். (வாப்பாவின் முன்வீட்டுக்காரரை மாமா என்றுதான் கூப்பிட்டோம்.) நாலாம் மாடி. தேசிய தினம் முடிந்து நாட்கள் ஆகியும் எதிர் பல்கனியில் சுவிஸ் கொடி கட்டியிருந்தது. "ஒகஸ்ட் ஒண்டாம் திகதி வெடி கொளுத்துவாங்கள். அண்டைக்கு நாங்கள் யன்னலெல்லாம் பூட்டிப்போட்டு இருப்பம்" என்றார் மாமி. துருக்கிக்காரரின் கடையில் ஹலால் கோழி தேடி வாங்கி, அதற்கென்று புதுச்சட்டியும் வாங்கிச் சமைத்திருந்தார்.

சுவரில் ஒரு இளைஞனின் படம். 2009 மே மாதம் வட்டுவாகலடியில் கடைசியாகக் கண்ட மகன். அடுத்த வருடம் இவர்கள் சுவிசுக்கு வந்திருக்கிறார்கள். மார்ச்சிலும் செப்டெம்பரிலும் அந்தப் படத்தைக் கழற்றிக்கொண்டு மாமி சதுக்கத்துக்குப் போகிறார். பிறகு கொண்டுவந்து அதே ஆணியில் மாட்டுகிறார்.

சாப்பிட்டு முடிய வாப்பாவின் செய்தியைச் சொன்னோம். மாமா தலையை ஆட்டினார்.

"முந்நூற்றிப் பதினேழு இல்லைத் தம்பி. முந்நூற்றி நாப்பத்திரண்டு."

எங்களுக்கு விளங்கவில்லை.

"நீங்கள் போறதுக்கு ரெண்டு நாளைக்கு முந்தி ஒரு போத்தில் மண்ணெண்ணெயும் அரைக்கிலோ சீனியும் எடுத்தனான். நானா எழுதேல்ல. அவர் அண்டைக்கே ஏதோ யோசினையில இருந்தவர்."

முப்பது வருடத்துக்கும் மேலாக அந்த 25 ரூபாவை அவர் சுமந்திருக்கிறார். எழுந்து போய் ஐம்பது பிராங்க் தாளைக் கொண்டுவந்தார். வாப்பா ஹலாலாக்கிவிட்டார், வாங்க மாட்டோம் என்றோம். அவர் நீட்டிய கையை மடக்கவில்லை.

"கடனை மன்னிக்கலாம் தம்பி. அண்டைக்கு ஒலிபெருக்கியில அறிவிக்கேக்க நான் கேற்றடியிலதான் நிண்டனான். நானா என்னை ஒருக்காப் பார்த்தவர். நான் உள்ள போய்க் கதவைச் சாத்தினனான். அதுக்கு என்ன கணக்கு?"

வகுப்பில் எவ்வளவோ கேள்விகளுக்குப் பதில் சொல்லும் நாங்கள் அன்று வாயடைத்துப் போனோம். பரவாயில்லை மாமா என்று சொல்ல எங்களுக்கு உரிமை இல்லை. அந்தப் பார்வை வாப்பாவுடையது. 2002இல் கிளிநொச்சி ஊடக மாநாட்டில் அன்ரன் பாலசிங்கம் அந்த வெளியேற்றத்தைத் தவறு என்று ஒப்புக்கொண்டபோது, செய்தியைக் கேட்டுவிட்டு வாப்பா ஒன்றும் சொல்லாமல் வெற்றிலை மடித்தாராம். ஒலிவாங்கிக்கு முன்னால் சொன்னது அவருக்கு வந்து சேரவில்லை போலும்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு மாமாவை ஏரிக்கரை வாங்கில் இருத்தி வாட்ஸ்அப்பில் வாப்பாவை எடுத்துக் கொடுத்தோம். ஊரில் பன்னிரண்டரை, வாப்பா ளுஹருக்கு வுழூச் செய்துவிட்டு இருந்தார். இரண்டு முதியவர்களும் திரையைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமலே இருந்தார்கள்.

"நானா" என்று மாமா தொடங்கினார். மேலே போக முடியவில்லை.

வாப்பாதான் கேட்டார்: "தம்பி, மகனப் பத்தி ஏதும் தெரிஞ்சுதா?"

மாமா அழுதார். நடைபயிற்சிக்கு வந்த ஒரு வெள்ளைக்காரப் பெண் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

பிறகு வாப்பா சொன்னது எங்கள் யாருக்கும் அவர் இதுவரை சொல்லாதது. "அந்த மே மாசம் நாங்க புத்தளத்தில டீவிக்கு முன்னால இருந்தம். சந்தியில பாற்சோறு குடுத்தாங்க. நானும் வாங்கினேன் தம்பி. திண்டது நெஞ்சுக்க நிண்டுது. அதால நீங்களும் எனக்கு ஹலாலாக்கோணும்."

மாமா கைகூப்பினார். அதற்குமேல் இரண்டு பேரும் மழையைப் பற்றியும், முன்வளவு மாமரம் இன்னும் காய்க்கிறதா என்பதைப் பற்றியும் கதைத்தார்கள். காய்க்கிறது.

ஒன்று சொல்லிவிடுகிறோம். இந்தப் பதிவை வாசித்துவிட்டு யாரும் இரண்டு துயரத்தையும் தராசில் வைக்க வேண்டாம். ஐ.நா.வில் நடக்க வேண்டியது நடக்கத்தான் வேண்டும். மாமியின் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் சொல்லவே வேண்டும். எங்கள் மக்களின் காணியும் மீள்குடியேற்றமும் இன்னும் முடியாத கதைதான். ஆனால் பேரவை எடுக்க முடியாத சில தீர்மானங்களும் உண்டு. கேற்றடியில் நின்றவரும் கடையைப் பூட்டியவரும்தான் அவற்றை எடுக்க வேண்டும். அவர்களுக்கு வயது போய்க்கொண்டிருக்கிறது.

அந்த ஐம்பது பிராங்கைக் கடைசியில் வாங்கிக்கொண்டோம். வாப்பா சொன்னபடி அந்தக் காசுக்கு முழுவதும் பயிற்சிக் கொப்பிகள் வாங்கினோம். போன கிழமை எங்கள் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கொடுத்து முடித்தோம். யார் தந்தது என்று பிள்ளைகள் கேட்டார்கள். "தண்ணீரூற்றில் முந்தி இருந்த ஒரு ஐயா" என்றோம்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பழைய முன்வீட்டுக்காரர் இருப்பார். கொழும்பிலோ, கனடாவிலோ, அடுத்த ஒழுங்கையிலோ. பெரியவர்கள் இருக்கும்போதே ஒரு தடவை எடுத்துக் கொடுங்கள்.

வாப்பாவுக்குச் சுகம் கொஞ்சம் குறைவு. மாமா, மாமி, அந்த மகன், எல்லோருக்காகவும் துஆச் செய்யுங்கள்.