மூன்றாவது ஒலிவாங்கி

ராப் பாட்டுக்கு ஓர் எதிராளி வேண்டும். டூபாக்கும் நொட்டோரியஸ் பிக்கும் பாட்டிலே மோதியதையும், 1996இல் ஒருவரும் 1997இல் மற்றவரும் சுட்டுக் கொல்லப்பட்டதையும் எங்கள் கிராமப் பாடசாலையின் பெரிய வகுப்புப் பையன்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். காளமேகத்தின் வசைகவி படித்த தமிழனுக்கு இந்த ஏச்சுப் பாட்டு புதிதல்ல. நான் அவர்களுக்கு, எங்கள் ஊரோடு ஒட்டிய ஒரு மோதலைச் சொல்வேன்.

மாதங்கி அருள்பிரகாசம் 1975இல் லண்டனில் பிறந்தவர். ஆறு மாதக் குழந்தையாக யாழ்ப்பாணம் வந்தார். பதினொரு வயதாகும் தறுவாயில், 1986இல், யுத்தத்துக்குத் தப்பித் தாயோடு மீண்டும் லண்டன் போய்ச் சேர்ந்தார். ஹிப்ஹொப் அங்கேதான் அவரைப் பற்றிக்கொண்டது. பாடகியானபோது எம்.ஐ.ஏ. என்று பெயர் சூடிக்கொண்டார். போர்க்களத்தில் காணாமற்போனவர் என்பது அதன் பொருள். 2005இல் வெளிவந்த முதல் இசைத்தொகுப்பு ‘அருளர்’. ஈரோஸ் இயக்கத்தை நிறுவியோரில் ஒருவரான தந்தையின் இயக்கப் பெயர் அது. 2007இல் வந்த இரண்டாவதற்குத் தாயின் பெயர், ‘கலா’. அமெரிக்க விசா சிக்கலால் நாடு நாடாகத் திரிந்து பதிந்த அத்தொகுப்பில் தமிழ்நாட்டு உறுமியும் ஒலிக்கிறது. அதிலுள்ள ‘பேப்பர் பிளேன்ஸ்’ 2008இல் அமெரிக்கப் பில்போர்ட் பட்டியலில் நான்காம் இடம்வரை ஏறியது. குடியேறிகளைத் திருடர்போலப் பார்க்கும் பார்வையைக் கிண்டல் செய்யும் பாட்டு. பல்லவியில் துப்பாக்கி வெடியும் கல்லாப்பெட்டி ஓசையும் வரும்.

அதே ஆண்டு, லொஸ் ஏஞ்சல்ஸைச் சேர்ந்த இலங்கை வம்சாவளி ராப் பாடகர் டிலோன் அந்த மெட்டின்மேலேயே தன் வரிகளை ஏற்றினார். மாதங்கி புலிகளை ஆதரிக்கிறார் என்பது குற்றச்சாட்டு. புலிகளின் தாக்குதல்களில் மாண்டவர்களைக் காணொளியில் காட்டினார். மாதங்கி மறுத்தார். பயங்கரவாதத்தைத் தாம் ஒருபோதும் ஆதரித்ததில்லை, போருக்குத் தப்பிய சாதாரண அகதியின் குரலே தமது இசை என்றார். 2009 பெப்ரவரி 8இல் நிறைமாதக் கர்ப்பிணியாக ஜே-சீ, கன்யே வெஸ்ட் போன்றோருடன் கிராமி மேடையில் பாடினார். வன்னியில் அப்போது ஷெல் விழுந்துகொண்டிருந்தது. அமெரிக்கத் தொலைக்காட்சியில் அதையும் பேசினார்.

“ஆர் சேர் வென்றது?” என்று பையன்கள் கேட்பார்கள்.

டிலோன் காட்டிய பிணங்கள் பொய்யல்ல. மாதங்கி சொன்ன வன்னியும் பொய்யல்ல. ஆனால் இத்தகைய மோதலில் இருப்பவை இரண்டு ஒலிவாங்கிகள்தாம். மூன்றாமவர் அங்கே நுழைந்தால், இருவரில் ஒருவருடைய வழக்குக்குச் சாட்சியாக நிற்கலாம். தன் வழக்கைச் சொல்ல அவருக்கு முறை வராது.

1990 ஒக்ரோபர் 30இல் எனக்கும் பதினொரு வயது. இரண்டு மணி நேர அவகாசத்தில் சோனகத் தெருவை விட்டு நடந்தோம். அந்த நாட்களில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேர். ஒரே ஊரை ஏறக்குறைய ஒரே வயதில் விட்டுப்போன இரண்டு பிள்ளைகளில் ஒருவருக்கு லண்டனும் ஓர் இசைக்கருவியும் வாய்த்தன. மற்றவனுக்குப் புத்தளத்துக் கிடுகுக் கொட்டில். மாதங்கியோடு எனக்கு வழக்கில்லை. அவர் கண்டதை அவர் பாடினார். நாங்கள் போனபோது அவர் போய் நான்கு ஆண்டுகள். 2015இல் வெளியிட்ட ‘போர்டர்ஸ்’ காணொளியில் படகு நிறைய அகதிகளைக் காட்டுகிறார். அதைப் பார்க்கும்போது வள்ளமேறிக் கற்பிட்டியில் வந்திறங்கிய மன்னார் மக்கள்தான் என் கண்ணில் நின்றார்கள்.

வெளியேற்றத்தை நாங்களும் எழுதாமலில்லை. கதை வந்தது, கவிதை வந்தது, நினைவுக் குறிப்புகள் வந்தன. ஆனால் அவை பெரும்பாலும் எங்கள் சஞ்சிகைகளில் எங்களாலேயே படிக்கப்பட்டு, எங்கள் அலுமாரிகளிலேயே தங்கிவிட்டன. என் வகுப்பில் முதல் வாங்கில் இருக்கும் தமிழ்ப் பையனுக்குக் கலிபோர்னியாவின் தெருச் சண்டை தெரிகிறது. பத்து மைல் தள்ளியிருக்கும் சோனகத் தெருவின் கதை தெரியாது. அவன் நல்ல பையன். அவன் காதுக்குப் போகும் வடிவத்தில் எவரும் அவனுக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

எங்கள் பிள்ளைகளில் ஒருவன் நாளைக்கு ராப் பாடுகிறேன் என்று கைப்பேசியோடு வந்து நின்றால், தயவுசெய்து அவனை விரட்டாதீர்கள். முதலில் என்ன பாடுகிறான் என்று கேளுங்கள்.