கைக்கடிகாரமும் காலண்டரும்

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போதே தில்லிச் சாலைகள் திணற ஆரம்பித்துவிடும். பரிசுப் பெட்டிகளைப் பட்டுவாடா செய்யக் கிளம்பும் கார்களுக்கு அதில் கணிசமான பங்கு உண்டு. ஒரு வீட்டிலிருந்து புறப்பட்ட சோன்பப்டி பெட்டி நாலு வீடு சுற்றி, பிரிக்கப்படாமலே புறப்பட்ட இடத்துக்கு வந்து சேரும் என்பது இந்த ஊரில் பழைய வேடிக்கை.

2023ல் அப்படியொரு சீசனில் பஞ்சாபி நண்பர் ஒருவர் வந்தார். பனியன்களில் வைத்துத் தைக்கும் லேபிள் தயாரிப்பது அவர் தொழில். வாடிக்கையாளர்களில் பலர் திருப்பூர்க்காரர்கள். தமிழில் ஒரு வாழ்த்து வாசகம் எழுதிக் கொடுக்கச் சொன்னார். கையில் 60 பேர் கொண்ட பட்டியல். எல்லோருக்கும் வெள்ளி முலாம் பூசிய பிள்ளையார். பீடத்தில் கம்பெனி பெயர். சதர் பஜாரில் மொத்த விலை பேசி வைத்திருந்தார்.

"இதில் கிறிஸ்தவர்கள், முஸ்லிம்கள் எத்தனை பேர்?" என்று கேட்டேன். அப்போதுதான் பட்டியலை ஒழுங்காகப் படித்தார். "நேரில் பார்த்திருந்தால்தானே தெரியும்? பாதிப் பேரிடம் போனில் பேசிய பழக்கம்தான்" என்றார்.

பரிசு கொடுப்பது இப்போது சட்டச் சிக்கல் நிறைந்த விஷயமும்கூட. தொழில் தொடர்பில் ஒருவருக்குத் தரும் சலுகைகளின் மதிப்பு ஆண்டுக்கு 20,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம் வரி பிடிக்க வேண்டும் என்ற விதி 2022 ஜூலையில் வந்தது. டாக்டர்களுக்கு மருந்துக் கம்பெனிகள் சொந்த உபயோகத்துக்கான பரிசுகள் தரக்கூடாது என்கிறது 2024ல் மத்திய அரசு வெளியிட்ட நெறிமுறை. ஆனால் விலை குறைவாக இருந்துவிட்டால் மட்டும் பரிசு சுத்தமாகிவிடாது. அதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

2007ல் ஒரு பத்திரிகையாளர் சந்திப்பு முடிந்ததும் கையில் ஒரு பை கொடுத்தார்கள். உள்ளே கைக்கடிகாரம். எல்லோரும் வாங்கினார்கள், நானும் வாங்கிக்கொண்டேன். சில மாதங்கள் கழித்து அதே நிறுவனத்தைப் பற்றிய செய்தி மொழிபெயர்ப்புக்கு வந்தது. வாடிக்கையாளர்களை 'ஏமாற்றியது' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'சேவையில் குறை ஏற்பட்டது' என்று எழுதினேன். யாரும் என்னிடம் எதையும் கேட்கவில்லை. யாரும் கண்டுபிடிக்கவும் இல்லை. அன்று பக்கம் முடிந்து மணி பார்க்கக் கையைத் திருப்பியபோதுதான் எனக்கே உறைத்தது. அதன் பிறகு அதைக் கட்டவில்லை.

தமிழ் எம்.ஏ. வகுப்பில் புறநானூற்றின் 208ஆம் பாட்டை மதிப்பெண்ணுக்காகப் படித்திருந்தேன். தன்னைப் பார்க்காமலே அதியமான் கொடுத்தனுப்பிய பரிசிலைப் பெருஞ்சித்திரனார் ஏற்க மறுக்கிறார். தகுதி அறிந்து தருவதென்றால் தினையளவு போதும் என்பது அவர் கட்சி. கைக்கடிகாரத்துக்குப் பிறகுதான் அந்தப் பாட்டு எனக்குப் புரிந்தது. ஆளைப் பார்க்காமல் கொடுப்பவர் அந்த நாற்காலிக்குக் கொடுக்கிறார். நாற்காலி அதற்குப் பதில் செய்தாக வேண்டியிருக்கிறது.

நண்பரிடம் இரண்டே யோசனை சொன்னேன். வாங்கியவர் நாலு பேர் பார்க்க வைத்துக்கொள்ளக்கூடிய பொருளாக இருக்கட்டும். மேஜை இழுப்பறைக்குள் ஒளிய வேண்டிய எதுவும் வேண்டாம். முடிந்தவரை நேரில் போய்க் கொடுங்கள்.

பிள்ளையார் ஆர்டர் ரத்தானது. சிவகாசியில் தினசரி காலண்டர் அச்சடித்தார். நல்ல நேரம், ராகு காலத்தோடு பெரும்பாலோருக்கும், அவரவர் பண்டிகைகளோடு மற்றவர்களுக்கும். ஜனவரியில் திருப்பூரிலிருந்து போன் வந்தது.

"காலண்டரை என் கண் முன்னாலேயே ஆணி அடித்து மாட்டினார் ஒருவர். பிறகு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, இரண்டு சலவையில் என் லேபிளில் எழுத்து மங்குகிறது என்றார். ஒரு வருஷமாக யாரும் சொல்லவில்லை."

குரலில் வருத்தம்தான். ஆனால் மை மாற்ற அன்றைக்கே ஏற்பாடு செய்துவிட்டார்.