புதுப்பேட்டையில் ஒரு விசில் வேட்டை!

சென்னை எழும்பூர் ஸ்டேஷன்ல இறங்கி கூவம் பக்கமா பொடிநடையா நடந்தா, கொஞ்ச நேரத்துலயே மூக்கு சொல்லிடும், 'பாஸ், புதுப்பேட்டை வந்தாச்சு!' கிரீஸ், டீசல், வெல்டிங் புகை, நடுவுல எங்கிருந்தோ மசால்வடை வாசனை. எந்தச் சந்துல நுழைஞ்சாலும் கார்தான். என்ன, எதுவும் முழுசா இருக்காது! ஒரு கடையில கதவு மட்டும், எதிர்க்கடையில ஸ்டீயரிங் மட்டும். யாரோ ஒருத்தரோட காரின் முன் சீட்டை பிளாட்பாரத்துல போட்டு, கால் மேல கால் போட்டு டீ குடிச்சுட்டு இருந்தார் ஒரு கடைக்காரர். 2006-ல வந்த படத்தை வெச்சு இந்த ஏரியான்னாலே அரிவாள்னு நினைக்கிறவங்க ஒரு தடவை வந்து பாருங்க. கேக்கிறதெல்லாம் ஸ்பேனர் சத்தம்தான்.

நாங்க தேடி வந்தது வேற சத்தம். அப்பா ஓட்டுற டீசல் டாக்ஸி ரெண்டு வாரமா விசிலடிக்குது. கத்திப்பாரா மேம்பாலம் ஏறும்போது 'உய்ய்ய்...'னு ஆரம்பிக்கும். வண்டி இழுக்காது, பின்னாடி கறுப்பா புகை. ஒரு பெரிய ஒர்க்ஷாப்ல பானட்டைத் திறந்து பார்த்துட்டு, 'டர்போ போச்சு சார், மாத்தணும்'னு 34 ஆயிரத்துக்கு எஸ்டிமேட் நீட்டிட்டாங்க. அப்பா அந்தப் பேப்பரை நாலா மடிச்சு சட்டைப் பையில வெச்சுக்கிட்டார். என்னோட அடுத்த செமஸ்டர் ஃபீஸுக்கு சேர்த்து வெச்சிருந்த பணமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ரெண்டு பேருமே அதைப் பத்திப் பேசலை.

கடைசியில சக டிரைவர் ஒருத்தர் கைகாட்டினது கூவத்தை ஒட்டின ஒரு சந்துல இருக்கிற பாயை. போர்டு கிடையாது, ஷட்டர்கூடக் கிடையாது. ஒரு வேப்பமரம், ஒரு டூல் பாக்ஸ்.

பாய் பானட்டைத் தொடவே இல்லை. முதல்ல கேள்வி.

"நியூட்ரல்ல ஆக்ஸிலேட்டர் குடுத்தா விசில் வருதா?"

"இல்ல பாய்."

"ஏ.சி. போட்டா?"

"வித்தியாசம் இல்ல. மேடு ஏறும்போதும், ஓவர்டேக் பண்ணும்போதும்தான்."

"நின்ன இடத்துல கத்துனா பெல்ட்டு, பேரிங்குனு பாக்கலாம். பாரம் இழுக்கிறப்ப மட்டும் கத்துதுன்னா காத்து எங்கேயோ ஓடுது தம்பி. இன்னா படிக்கிற?"

"மெக்கானிக்கல்."

"அப்ப நீயே சொல்லு, ஏன்?"

வைவாவா பாய் இது?! சொன்னேன். எக்ஸாஸ்ட் புகை ஒரு சின்ன விசிறியைச் சுத்தும். நிமிஷத்துக்கு 1 லட்சம் சுத்துக்கு மேல! அதே தண்டோட மறுமுனையில இருக்கிற விசிறி காத்தை அமுக்கி உள்ளே தள்ளும். அமுங்கின காத்து சூடாகும். அதை இன்டர்கூலர்ல ஆறவெச்சு, ரப்பர் ஹோஸ் வழியா இன்ஜினுக்கு அனுப்பணும். அந்த ஹோஸ்ல ஒரு கீறல் விழுந்தா? பிரஷர் ஏறும்போது மட்டும் வாய் திறந்து விசிலடிக்கும். உள்ளே போற காத்து குறையும், டீசல் முழுசா எரியாது, கறுப்புப் புகை. பாய் தலையாட்டினார். பாஸ் மார்க்!

ஆனாலும் அவர் நேரா ஹோஸுக்குப் போயிடலை. இந்த இடம்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. இன்ஜின் ஓடும்போது பெல்ட் மேல கொஞ்சம் தண்ணி தெளிச்சார். சத்தம் எதுவும் மாறலை. நீளமான ஸ்குரூடிரைவரோட நுனியை ஆல்டர்னேட்டர் மேல வெச்சு, பிடியைக் காதுல வெச்சுக் கேட்டார். டாக்டர் ஸ்டெதஸ்கோப் வைக்கிற மாதிரியே! (வீட்டுல ட்ரை பண்றவங்க தொளதொள சட்டை, துப்பட்டா, தலைமுடி எதையும் பெல்ட் பக்கம் கொண்டுபோகாதீங்க. நிஜமா.) பேரிங் ஓ.கே.

இன்ஜினை நிறுத்தி, நல்லா ஆறினதும் டர்போவோட வாய்க்குழாயைக் கழட்டினார். தண்டை விரலால பிடிச்சு என்னையும் ஆட்டிப் பார்க்கச் சொன்னார். பக்கவாட்டுல துளி ஆட்டம் இருந்தது. அது இருக்கலாமாம். முன்னும் பின்னும் இழுத்தா வரக்கூடாது. வரலை. இறக்கைகள் எங்கேயும் உரசின தடம் இல்லை. "டர்போ போகலைண்ணே!" அப்பா அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துட்டார்.

அப்புறம் நடந்தது அசல் பஞ்சர் கடை வேலை. பி.வி.சி. மூடி ஒண்ணுல டியூப் வால்வைப் பொருத்தி வெச்சிருக்கார் பாய். அதை வெச்சுக் குழாயை அடைச்சு, பம்புல கொஞ்சம் கொஞ்சமா காத்து ஏத்தி, ஹோஸ் முழுக்க சோப்புத் தண்ணி தடவினார். இன்டர்கூலருக்குக் கீழே, கண்ணுக்கே தெரியாத வளைவுல குபுகுபுன்னு நுரை. துடைச்சுப் பார்த்தா விரல் நீளத்துக்கு ஒரு கீறல். சுத்தி எண்ணெய்ப் பிசுக்கு, அதுல ஒட்டின ரோட்டுத் தூசி.

புதுப்பேட்டையாச்சே, பழைய ஹோஸ் சல்லிசா கிடைக்குமேன்னு கேட்டேன். பாய் முறைச்சார். "இரும்பு பழசு வாங்கலாம். ரப்பர் பழசு வாங்காதே." அவரே ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்கு விரட்டினார். அண்ணா சாலையைத் தாண்டினா ராயப்பேட்டைப் பக்கம் போற ரோடு. அங்கே எல்லாமே பாலிதீன் கவர்ல புதுசா மினுங்குது. புது ஹோஸும் ரெண்டு கிளாம்ப்பும் 1,350 ரூபாய்.

திரும்பி வந்து டீ குடிக்கும்போது, 'ராத்திரி காணாமப்போன வண்டி காலைல இங்கே பார்ட் பார்ட்டா கிடைக்கும்'கிற பழைய ஜோக்கைச் சொல்லிப் பார்த்தேன். பக்கத்துக் கடைக்காரர் சிரிக்கலை. பில் போட்டு விக்கிறவங்களுக்கும் சேர்த்துத்தான் அந்தக் கெட்ட பேர். 2021-ல பழைய வண்டிகளை உடைக்கிறதுக்குப் பதிவுபெற்ற மையங்கள், தனி விதிகள்னு வந்ததையும் கவலையோட சொன்னார். வண்டியெல்லாம் அங்கே போயிட்டா, இந்தச் சந்துல என்ன மிஞ்சும்? பாயோட காதை எந்த மையத்துல வேலைக்குச் சேர்ப்பாங்க?

கூலி 400 ரூபாய். கத்திப்பாரா ஏறும்போது அப்பா ரேடியோவை ஆஃப் பண்ணிட்டு, ஜன்னலை இறக்கினார். காத்துச் சத்தம் மட்டும்தான்.

கிழிஞ்ச ஹோஸை பாய் குப்பையில போடப் போனப்பவே நான் கேட்டு வாங்கிட்டேன். திங்கட்கிழமை எங்களுக்கு இன்ஜின் லேப் இருக்கு.