கோளும் வினையும் அருளும்

உயிர்கள் யாவும் வேண்டுவது இன்பமே. அவ்வின்பம் எதனால் வருகின்றது, எதனால் தடைப்படுகின்றது என்னும் வினா எழுங்கால், வானத்துக் கோள்களை நோக்குதல் பல நாட்டார்க்கும் பொதுவாயிற்று. இத்தாலி நாட்டுப் பிளாரன்சு நகரிற் பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் வாழ்ந்த நண்பர் இருவர் இதன்கண் மாறுபட்டனர். மூத்தவர் மார்சிலியோ பிசினோ (1433–1499). இளையவர் பிக்கோ தெல்லா மிராந்தோலா (1463–1494).

பிளேட்டோவின் நூல்களை இலத்தீனில் மொழிபெயர்த்த பிசினோ, தம் மனச்சோர்விற்குப் பிறப்புக் காலத்துச் சனியே ஏது என நண்பரொருவர்க்கு எழுதினார். இசை, மணி, மூலிகை முதலியவற்றாற் கோள்களின் நல்லாற்றலை ஈர்த்துக்கொள்ளலாம் என 1489-இல் வெளியிட்ட நூலிற் கூறினார். பிக்கோ இதற்கு உடன்பட்டிலர். சோதிடத்தை மறுத்து அவர் எழுதிய பன்னிரண்டு பகுதிகொண்ட நூல் அவர் மறைந்தபின் அச்சேறிற்று. விண்மீன்களின் இயக்கத்தைக் கணக்கினால் அறிதல் உறுதியுடைய கலை. அதுகொண்டு ஒருவன் வாழ்வை முன்னுரைத்தல் அதனின் வேறு என்பது அவர் செய்த பாகுபாடு. வானம் தன் ஒளியாலும் இயக்கத்தாலும் அனைத்திற்கும் பொதுக்காரணம் ஆகும். ஒருவனை மற்றொருவனின் வேறாக்கும் சிறப்புக்காரணம் ஆகாது என்றார்.

இப்பாகுபாட்டின் உண்மை தமிழகத்து நிகழ்ச்சியொன்றாலும் விளங்கும். 1825-இற் புதுச்சேரியில் ஜான் வாரன் என்பார் தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவரைக் கண்டார். அவர் சோழிகளைத் தரையிற் பரப்பி, மனப்பாடமாகக் கொண்ட வாக்கியங்களின் துணையால், அவ்வாண்டு மே 31, ஜூன் 1 ஆகிய நாள்களினிடையே நிகழ்ந்த சந்திரகிரகணத்தைக் கணித்தார். தொடக்க நேரத்திற் கண்ட பிழை ஏறத்தாழ 4 நிமிடமே. வியக்கத்தக்க அக்கணக்கு மதியின் மறைவை உரைத்தது. அதனைக் கண்டு நின்றாருள் இன்புறுவார் யார், துன்புறுவார் யார் என்பதை உரைப்பது அதற்கு இயைந்த தொழிலன்று.

சித்தாந்தம் இதனினும் ஆழச் செல்கின்றது. கோள்கள் சடம். வினையும் சடமே. செய்தவனைத் தேடித் தானே சென்றடையும் அறிவு வினைக்கில்லை. அதனை ஊட்டுவோன் இறைவன். நாழிகைவட்டில் பொழுதைக் காட்டும், பொழுதை ஆக்காது. கோள்களும் ஊழின் வரவைக் காட்டுவன எனக் கொள்ளினும், அதனை ஆக்குவன அல்ல.

அற்றேல், கோளை நீக்கி வினையை வைத்ததனால் வந்த பயன் யாது எனின், கூறுதும். கோள் பிறிது, வினை தன் செயல். பிறிதின்மேற் பழி சுமத்துவோன் திருந்துதற்கு வழியில்லை. தன் செயலென உணர்ந்தோன் திருந்துவான். பிக்கோ மனிதனின் விருப்புரிமையோடு நின்றார். அவ்விருப்பமும் ஆணவத்தாற் கட்டுண்டதாகலின் அருளே துணையென்பது சித்தாந்தம்.

திருவள்ளூர் மாவட்டத்துப் பூண்டியை அடுத்த திருவெண்பாக்கம் இதற்குச் சான்று. திருவொற்றியூரிற் சங்கிலியார்க்குச் செய்த சூளுறவைக் கடந்த சுந்தரர், கண்ணொளி இழந்து இத்தலத்தை அடைந்தார். கோள்களை அவர் நொந்துகொண்டிலர். தம் பிழையை உடன்பட்டு, தோழனாகிய இறைவனிடமே உரிமையோடு முறையிட்டார். கிடைத்தது கண்ணன்று, ஊன்றுகோல். காஞ்சியில் ஒரு கண்ணும் திருவாரூரில் மற்றொரு கண்ணும் பின்னரே பெற்றார். வினை கழியுந்துணையும் நடத்திச் செல்வதும் அருளே என்பதனை அக்கோல் உணர்த்துகின்றது. 1944-இல் முடிவுற்ற பூண்டி நீர்த்தேக்கத்தின் பொருட்டுப் பழைய கோயில் இடம்பெயர நேர்ந்தது. ஊன்றுகோல் அளித்த பெருமான் புதிய கோயிலில் இன்றும் வழிபடப்பெறுகின்றார்.

அம்மாவட்டத்தின் வடகிழக்கே கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் நுண்ணிய கணக்கால் இயங்கும் பொறிகள் உள்ளன. அத்தகைய பொறியைப் பூட்டுதற்கும் இராகுகாலம் நீக்கி நாள் பார்ப்பது நாட்டு வழக்கு. அதனால் எவர்க்கும் கேடில்லை. செவ்வாய் குற்றமென்று ஒரு பெண்ணின் மணத்தை ஆண்டுக்கணக்கில் தள்ளுவதும், ஏழரைச்சனி என்று கேட்ட மாத்திரத்தே ஒருவன் முயற்சி ஒழிந்து சோர்வதுமே கேடு. சடத்திற்கு அஞ்சி உயிர் துன்புறுவது அறிவாகாது. கோள்நிலை தீதென நாவுக்கரசர் தடுத்தபோதும் திருமறைக்காட்டினின்று மதுரைக்குப் புறப்பட்ட ஞானசம்பந்தரின் துணிவு, இறைவனை உள்ளத்துக் கொண்டதனால் வந்தது. அத்துணிவே அடியார்க்கு இன்பமென்று ஓர்ந்துகொள்க.