பத்திரம் வந்த வழி

என் தமையனார் தஞ்சை மாவட்டத்துச் சிறுநகர் ஒன்றில் வழக்கறிஞர். விடுமுறை நாள்களில் அவருடைய அலுவலகத்துக்குச் சென்று, பழைய கையெழுத்துப் பத்திரங்களைப் படித்துச் சொல்வது என் வழக்கம். பத்திரத்தில் உள்ள செய்தியைப் போலவே, அது வந்து சேரும் விதமும் என்னை ஈர்க்கும்.

கட்சிக்காரர்களுள் ஒருவர் மஞ்சள் பையில் கொண்டுவருவார். மற்றொருவர் பிஸ்கட் டப்பாவில் சுருட்டி வைத்திருப்பார். சிலர், கிழியாமல் இருக்கட்டும் என்று லேமினேஷன் செய்துவிடுவர். அக்கறையால் செய்வதுதான், ஆயினும் தாளையும் மையையும் முத்திரையையும் நேரடியாக ஆராய்வது பின்னர் அரிதாகிவிடும். உறையைப் பிரிக்க முயன்றால் பத்திரமே சிதையக்கூடும்.

இப்போது பல ஆவணங்கள் திறன்பேசியில் படங்களாக வருகின்றன. ஒரு மூதாட்டியின் நில வழக்கிற்காக அவருடைய பெயரன் பதினொரு படங்களை அனுப்பியிருந்தான். ஒன்றில் அவனது கட்டைவிரல் புல எண்ணை மறைத்திருந்தது. சொத்து விவரம் எழுதப்பட்ட கடைசிப் பக்கம் வரவே இல்லை. விசாரணைக்கு மூன்று நாள்களே இருந்தன. தொலைபேசியில் கேட்டபோது, "அந்தப் பக்கத்தில் வெறும் கிழக்கு, மேற்குதான் ஐயா எழுதியிருக்கிறது" என்றான்.

"அந்தக் கிழக்கும் மேற்கும்தான் தம்பி, உன் பாட்டியின் நிலம்" என்றார் தமையனார்.

மறுநாள் முதல் பேருந்தில் இருவரும் வந்து சேர்ந்தனர். பாட்டி ஒரு துணிப்பொட்டலத்தை அவிழ்த்தார். மேசைமேல் நெல்மணிகள் சில உதிர்ந்தன. "என் மாமனார் காலத்திலிருந்து குதிருக்குள்தான் இருக்கிறது" என்றார்.

தமையனாரின் முகம் மலர்ந்தது. காரணம் உண்டு. 30 ஆண்டுகள் பழைமையான ஆவணம், அது இருக்க வேண்டியவரிடமிருந்து வருமானால், அதிலுள்ள கையொப்பம் உரியவருடையதே என நீதிமன்றம் அனுமானித்துக்கொள்ளலாம். 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டத்தில் இருந்த இவ்விதியை, 2023ஆம் ஆண்டின் புதிய சாட்சியச் சட்டமும் தொடர்கிறது. பத்திரம் எங்கே, யாரிடம் இருந்தது என்பதும் சட்டத்தின் முன் ஒரு செய்தியே. அந்த மூலப்பத்திரத்தின் இடத்தைத் திறன்பேசிப் படம் நிரப்பிவிடாது.

பல வீடுகளில் இன்று ஆவணங்களைப் படமெடுத்து அனுப்பும் பொறுப்பு பிள்ளைகளுடையது. பக்கங்களை எண்ணி, வரிசை மாறாமல், பதிவுக் குறிப்புகள் உள்ள பின்பக்கங்களையும் சேர்த்து அனுப்புவது சிறிய வேலையாகத் தோன்றலாம். எழுதப் படிக்கத் தெரியாத அந்தப் பாட்டி, பத்திரத்தின் ஓர் எழுத்தையும் படித்ததில்லை. ஒரு பக்கத்தையும் இழந்ததில்லை.