பெரியப்பா கன்னமும் ஏழு டாக்டர்களும்

கண்ணுக்கு மேல் ஒரு கறுப்புப் பட்டையை ஒட்டிவிட்டால் ஆள் யாரென்று தெரியாது என்று முதன்முதலில் கண்டுபிடித்த பிரகஸ்பதியை, ஒரு தடவை ஆழ்வார்குறிச்சிக்கு அழைத்துப் போய் எங்கள் பெரியப்பா முன்னால் நிறுத்த வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. பெரியப்பாவுக்கு இடது காதில் கீழ்ப்பாதி கிடையாது. சின்ன வயதில் மாடு முட்டியதில் போனது. அந்தக் காது ஒன்று வெளியே தெரிந்தால் போதும், பால்காரர் முதல் தெரு நாய் வரை அடையாளம் சொல்லிவிடும்.

அந்தக் காதை நான் 2018-ல், சென்னையில், ஏ.சி. ஆபீஸில், கம்ப்யூட்டர் திரையில் பார்த்தேன்.

என் உத்தியோகத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டு மருத்துவப் பத்திரிகைகளுக்குப் பக்கம் கட்டிக் கொடுக்கும் கம்பெனி. கட்டுரை எழுதுகிறவர் எங்கேயோ இருப்பார், பத்திரிகை லண்டனிலோ நியூயார்க்கிலோ இருக்கும். நடுவில் கமா, ஃபுல்ஸ்டாப், அட்டவணை எல்லாம் சரிபார்ப்பது சென்னையில் என்னைப் போன்ற ஆசாமிகள். ஊரில் "தம்பி பத்திரிகையில இருக்கான்" என்று சொல்லி வைத்ததில், போன பொங்கலுக்கு இரண்டு பேர் கவிதை கொடுத்தனுப்பினார்கள்.

அன்றைக்கு வந்தது 'கேஸ் ரிப்போர்ட்' ரகம். ஒரே ஒரு நோயாளியைப் பற்றி எழுதும் சிறு கட்டுரை. தென் தமிழ்நாட்டு ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து எழுதியிருந்தார்கள். பெயர் வேண்டாம். ஐம்பத்தெட்டு வயது விவசாயி. காதுக்கு முன்னால் பதினொரு வருடமாக வளர்ந்த கட்டி. உமிழ்நீர்ச் சுரப்பியில் வருகிற, புற்றுநோய் அல்லாத ஜாதி. வலி இருக்காது என்பதால் ஆள் டாக்டரிடம் போகமாட்டார். அது பாட்டுக்கு எலுமிச்சை, சாத்துக்குடி, தேங்காய் என்று பிரமோஷன் வாங்கிக்கொண்டே போகும். முகத்தை அசைக்கிற நரம்பு அந்தச் சுரப்பிக்கு நடுவேதான் ஓடுகிறது. கத்தி கொஞ்சம் பிசகினால் வாய் கோணிவிடும். கோணாமல் எடுத்துவிட்டோம் என்பதுதான் கட்டுரையின் பெருமை. நியாயமான பெருமை. பெரியப்பா இப்போது விசில்கூட அடிக்கிறார்.

படத்தைத் திறந்தேன். பக்கவாட்டு முகம், கண்ணில் பட்டை, கன்னத்தில் தேங்காய், அதற்குப் பின்னால் அந்த அரைக் காது. கையில் இருந்த காபியை மேஜையில் வைத்துவிட்டேன்.

பதினொரு வருஷம் அந்தக் கட்டியைத் துண்டால் மறைத்தே காலம் தள்ளியவர் அவர். சிவசைலம் கோயிலுக்குப் போனால் தூணை ஒட்டித்தான் நிற்பார். கல்யாண வீட்டில் போட்டோகிராஃபர் தலை தெரிந்தால் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு பந்திக்குள் புகுந்துவிடுவார். போதாக்குறைக்கு அவர் மகளுக்கு அப்போது மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீங்கள் 'கட்டி' என்று சொன்னால் மாப்பிள்ளை வீட்டுக் காதில் 'கான்சர்' என்றுதான் விழும். 'சாதாரணக் கட்டிதான்' என்று பத்தாவது பாராவில் இங்கிலீஷில் போட்டிருப்பதை யார் படிக்கப் போகிறார்கள்? படத்தைத்தான் பார்ப்பார்கள்.

அந்தப் பத்திரிகை 'ஓப்பன் ஆக்ஸஸ்' வகை. அதாவது சந்தா கிடையாது, யாரும் காசில்லாமல் படிக்கலாம். செலவுக்குக் கட்டுரை எழுதியவரிடமே கட்டணம் வாங்கிக்கொள்வார்கள். 2001-ல் புடாபெஸ்டில் கூடி, 2002-ல் பிரகடனம் எல்லாம் செய்தார்கள். நம் சென்னையில் சுப்பையா அருணாசலம் இதற்காக வருஷக்கணக்காகத் தொண்டை வறளப் பேசினார். நல்ல சமாசாரம்தான். சந்தா கட்ட வழியில்லாத ஊரில் இருக்கிற மாணவனும் உலகத்துக் கட்டுரைகளை ஓசியில் படிக்கலாமே.

காசு வருகிற இடத்தில் கில்லாடிகளும் வருவார்கள். 2013-ல் ஜான் போஹனன் என்ற நிருபர், தப்பும் தவறுமாக ஒரு புற்றுநோய் மருந்துக் கட்டுரையை இட்டுக்கட்டி 304 ஓப்பன் ஆக்ஸஸ் பத்திரிகைகளுக்கு அனுப்பினார். 157 பத்திரிகைகள் 'பேஷ்' என்று ஏற்றுக்கொண்டன. அதில் நம் இந்திய விலாசங்கள் எக்கச்சக்கம். எங்கள் கைக்கு வந்தது அந்த மாதிரி டுபாக்கூர் இல்லை, விதிமுறையெல்லாம் ஒழுங்காக வைத்திருந்த பத்திரிகை. எனக்குப் பயம் வேறு. பழைய காலத்தில் இந்தப் படம் ஏதாவது காலேஜ் லைப்ரரியில் பைண்டு செய்த புஸ்தகத்துக்குள் தூசியோடு தூங்கும். இப்போது வெளியான நிமிஷத்தில் கடனா நதிக்கரையில் உட்கார்ந்து செல்போனைத் தேய்க்கிற பயலுக்கும் கிடைக்கும். அந்தப் பத்திரிகையின் லைசென்ஸ்படி யார் வேண்டுமானாலும் எடுத்து எங்கே வேண்டுமானாலும் போடலாம். பிறகு யாரிடம் போய்த் திருப்பிக் கேட்பது?

மத்தியானம் மாடிப்படியில் நின்று பெரியப்பாவுக்கு போன் போட்டேன். அச்சாகாத கட்டுரையைப் பற்றி வெளியாளிடம் மூச்சு விடக்கூடாது என்று வேலையில் சேரும்போதே எழுதி வாங்கியிருந்தார்கள். ஆகவே சுற்றி வளைத்தேன்.

"பெரியப்பா, ஆஸ்பத்திரியில உங்கள போட்டோ புடிச்சாங்களா?"

"புடிச்சாவளே. நாலஞ்சு. எதுக்குல?"

"எதுக்குன்னு சொன்னாங்களா?"

"ஆபரேசனுக்குன்னு சொன்னாவ. ஒரு தாள்ல கையெழுத்துப் போடச் சொன்னாவ, போட்டேன். இங்கிலீஷ்ல இருந்துச்சு. அவிய உசிரக் காப்பாத்துதாவ, நாம போய் அதுல என்ன எழுதியிருக்குன்னு கேக்கவா முடியும்?"

கட்டுரையின் அடியிலோ 'நோயாளியிடம் எழுத்துமூலம் சம்மதம் பெறப்பட்டது' என்று ஒரு வரி. எதற்குச் சம்மதம்? கட்டியை வெட்டவா, உலகத்துக்குக் காட்டவா?

இந்தக் கேள்வி பெரியப்பாவோடு ஆரம்பித்தது இல்லை. 1986-ல் மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில், டாக்டர் சுனிதி சாலமன் வழிகாட்டுதலில் நிர்மலா என்ற மாணவி, அரசுக் காப்பகத்தில் இருந்த பெண்களிடம் ரத்தம் எடுத்து வேலூர் சி.எம்.சி.யில் பரிசோதித்தார். ஆறு மாதிரிகளில் எச்.ஐ.வி. இந்தியாவுக்குள் அந்தக் கிருமி வந்துவிட்டது என்று முதலில் தெரிந்தது அப்படித்தான். 1987-ல் இந்தியன் ஜர்னல் ஆஃப் மெடிக்கல் ரிசர்ச்சில் கட்டுரையாக வந்தது. நாட்டையே உஷார்படுத்திய கண்டுபிடிப்பு, சந்தேகமில்லை. ஆனால் என்ன சோதனைக்காக ரத்தம் எடுக்கிறோம் என்று அந்தப் பெண்களிடம் சொல்லவில்லை என்று பிற்பாடு நிர்மலாவே பேட்டியில் சொன்னார். மனிதர்களை வைத்துச் செய்யும் ஆராய்ச்சிக்கு ஐ.சி.எம்.ஆர். 1980-லேயே நெறிமுறை வெளியிட்டிருந்தது. காகிதத்தில் இருந்தது. கண்டுபிடித்தவர்கள் பெயரெல்லாம் சரித்திரத்தில் ஏறிவிட்டது. அந்த ஆறு பேர் என்ன ஆனார்கள் என்று எத்தனை பேர் கேட்டோம்?

டீம் லீடரிடம் போனேன். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "உன் வேலை கமா. அந்தக் கமா இருக்கா பாரு."

"சார், நோயாளி எனக்குச் சொந்தம்."

அப்புறம்தான் திரும்பிப் பார்த்தார். "அப்படின்னா நீ இந்த ஃபைலைத் தொடவே கூடாது. வேற ஆளுக்கு மாத்தறேன்." சொன்னதிலும் நியாயம் இருந்தது. மாற்றுவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி மட்டும் போட அனுமதி வாங்கினேன். எழுதியவருக்கு நாங்கள் அனுப்பும் சந்தேகங்களை ஏ.க்யூ. என்போம். 'வருடம் 2012-ஆ 2021-ஆ?' போன்ற அற்ப விஷயங்கள். நான் போட்டது: 'படத்தை இணையத்தில் வெளியிட நோயாளி சம்மதித்தாரா? தயவுசெய்து உறுதிப்படுத்தவும்.'

மறுநாள் பதில் வந்தது. 'யெஸ்.' அவ்வளவுதான்.

பள்ளிக்கூடத்தில் 'வீட்டுப்பாடம் முடிச்சியா' என்றால் நானும் இப்படித்தான் சொல்வேன்.

டீம் லீடரை நான் அதுவரை தப்பாக எடை போட்டிருந்தேன். அந்த 'யெஸ்'ஸைப் படித்துவிட்டு ஒரு நிமிஷம் மோவாயைத் தடவினார். பிறகு பத்திரிகை எடிட்டருக்கு நேராக ஒரு கடிதம் அடித்தார். மருத்துவப் பத்திரிகை எடிட்டர்கள் 1978-ல் வான்கூவரில் கூடி உண்டாக்கிய பொது விதிகள் இருக்கின்றன. அடிக்கடி திருத்துவார்கள். அதில் தெளிவாகவே இருக்கிறது: கண்ணை மட்டும் மறைப்பது அடையாளத்தை மறைப்பதாகாது. ஆளை அடையாளம் காட்டும் படமென்றால் எழுத்துமூலம் சம்மதம் வேண்டும், வரப்போகிற கட்டுரையையே நோயாளிக்குக் காட்ட வேண்டும், இணையத்தில் வரும் என்றும் சொல்ல வேண்டும். அந்தப் பத்திரிகையும் இதே விதிகளைத்தான் தன் கொள்கை என்று முகப்பில் போட்டிருந்தது. அதைச் சுட்டிக்காட்டி, "காதைப் பார்க்கவும்" என்று முடித்திருந்தார். உறவு சமாசாரத்தையும் மறைக்காமல் எழுதிவிட்டார். எனக்கு வேலை போய்விடும் என்று இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

எடிட்டர் சம்மதப் பத்திரத்தை அனுப்பச் சொன்னார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது ஆபரேஷன் சம்மதப் பத்திரம்! கட்டுரை அப்படியே நிறுத்தி வைக்கப்பட்டது. நோயாளிக்குப் புரிகிற பாஷையில் புதுப் பத்திரம், கட்டுரையைக் காட்டிக் கையெழுத்து, இல்லாவிட்டால் படம் கிடையாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆழ்வார்குறிச்சிக்கு ஓர் இளம் டாக்டர் பஸ்ஸில் வந்து இறங்கினார். அன்றைக்கு நான் ஊரில் இருந்தது தற்செயல் என்று நீங்கள் நம்ப வேண்டும். மேல்படிப்புப் பையன், இருபத்தேழு வயதிருக்கும். லாப்டாப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திண்ணையில் ஒடுங்கி உட்கார்ந்தார்.

பெரியப்பாவுக்கு ஏக சந்தோஷம். "இந்தத் தம்பிதாம்ல தெனமும் கட்டு மாத்துனது. ஏட்டி, காப்பி போடு!"

டாக்டர் தமிழில் பத்திரத்தைப் படித்துக் காட்டினார். இணையத்தில் வரும், யாரும் பார்க்கலாம், எடுத்துப் போடலாம், வெளியான பிறகு திரும்ப வாங்க முடியாது, மாட்டேன் என்றாலும் சிகிச்சையில் எந்த மாற்றமும் இருக்காது. பிறகு படத்தைக் காட்டினார்.

பெரியப்பா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "இதென்ன தம்பி, கோழி திருடுனவன் மாதிரி கண்ணுல கறுப்பு? அத எடுத்துருங்க. நான் என்ன தப்பு செஞ்சேன்? கட்டி எடுத்த பொறவு ஒரு போட்டோ புடிச்சியளே, அதையும் போடுங்க. நல்லா இருப்பேன்."

உள்ளேயிருந்து பெரியம்மா குரல் வந்தது. "இந்தாங்க, ஒரு பொண்ணு கல்யாணத்துக்கு நிக்கா, ஞாபகம் இருக்கட்டும்."

பெரியப்பா துண்டை எடுத்து இடது தோளில் போட்டார். கட்டி போய் ஏழு மாதமாகியும் அந்தப் பழக்கம் போகவில்லை. கொஞ்ச நேரம் பேசவில்லை. டாக்டர் மெதுவாக, "வேண்டாம்னா வேண்டாம் ஐயா. நான் அப்பவே கேட்டிருக்கணும்" என்றார்.

கடைசியில் கட்டி மட்டும் என்று முடிவாயிற்று. காது, கண், வாய் எதுவும் கூடாது. டாக்டர் அங்கேயே லாப்டாப்பில் படத்தை வெட்டினார். பெரியப்பா பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னுங் கொஞ்சம் உள்ள வாங்க... காது தெரியுது... ஆங்" என்று தையல்காரருக்கு அளவு சொல்வதுபோல் சொன்னார். ஊர்ப் பெயரையும் எடுத்தாயிற்று. அப்புறம் ஒரு வரி விடாமல் பத்திரத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

இரண்டு மாதம் கழித்துக் கட்டுரை வெளியானது. பிரிண்ட் எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். படத்தைப் பார்த்தார். அது கன்னமா, பலாப்பழமா என்று பெற்ற தாய்க்கே தெரியாது. திருப்தி.

"மேல என்ன வரிசையா பேரு?"

"எழுதுனவங்க, பெரியப்பா. ஏழு டாக்டர்."

வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். மூன்றாவது பெயர்தான் திண்ணைக்கு வந்த பையன். முதல் இரண்டு பெயர் பெரியவர்களுடையது. மருத்துவக் கல்லூரியில் பதவி உயர்வுக்கு முதல் இரண்டு பெயர்களுக்குத்தான் மதிப்பு என்று 2015-ல் மெடிக்கல் கவுன்சில் ஒரு சர்க்குலர் அனுப்பியிருந்தது. கேஸ் ரிப்போர்ட் கணக்கில் சேராது என்றும் அதே சர்க்குலர் சொன்னது. பழக்கதோஷம் போலிருக்கிறது!

இப்படிப் பெயரை இரவல் கொடுத்து மாட்டிக்கொண்ட பெரிய மனிதர் லண்டனில் ஒருவர் உண்டு. 1994-ல் மால்கம் பியர்ஸ் என்ற டாக்டர், இல்லாத நோயாளிக்குச் செய்யாத ஆபரேஷனைக் கட்டுரையாக எழுதினார். கூட எழுதியவர் என்று பெயர் போட்டுக்கொண்ட ஜெஃப்ரி சேம்பர்லின் அந்தப் பத்திரிகைக்கே எடிட்டர், மகப்பேறு மருத்துவர்களின் ராயல் காலேஜுக்குத் தலைவர்! குட்டு உடைந்ததும் பதவிகளை விட்டு இறங்க வேண்டியதாயிற்று. பியர்ஸின் பெயரை 1995-ல் டாக்டர்கள் பட்டியலிலிருந்தே அடித்துவிட்டார்கள். பத்திரிகை எடிட்டர்கள் 1997-ல் நெறிமுறைக்கென்று கோப் என்ற கமிட்டி அமைத்ததெல்லாம் இந்த மாதிரிக் கூத்துகளுக்குப் பிறகுதான்.

இதையெல்லாம் பெரியப்பாவிடம் சொன்னேன். அவர் கவனம் அங்கே இல்லை. விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

"கட்டு மாத்துன தம்பிய தெரியும். வெட்டுனவரத் தெரியும். மயக்க ஊசி போட்டவரு ஒருத்தர். மிச்சம் நாலு பேர நான் கண்ணால கண்டதில்லயே. அவிய என்னயப் பாத்தாவளா?"

"தெரியல பெரியப்பா."

"என்னயப் பாக்காதவன் பேரெல்லாம் இருக்கு. கன்னம் என்னுது. என் பேரு எங்கல?"

"அதைப் போட்டா ஊருக்கே தெரிஞ்சிருமே!"

"அதுஞ் சரிதான்" என்றார். தாளை நாலாக மடித்து, மகள் ஜாதகம் வைத்திருக்கும் டிரங்குப் பெட்டியைத் திறந்து, அடியில் வைத்துப் பூட்டினார்.